மொட்டை மாடியிலிருந்து எம்87: நீள்வட்ட கேலக்ஸியைப் படம்பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமெடா, அப்புறம் ஒன்றிரண்டு சுருள் கேலக்ஸிகள். வான்படம் எடுக்க ஆரம்பிக்கிற பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் போகிறார்கள். நீள்வட்ட கேலக்ஸி என்று வந்தால், சுருள் கைகளும் இல்லை, சிவந்த வாயு மேகங்களும் இல்லை, மங்கலாக ஒரு உருண்டைதானே என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கன்னி ராசியில் இருக்கிற எம்87 நம் வீட்டு மாடியிலிருந்தே எடுக்கக்கூடிய மிக அருமையான இலக்குகளில் ஒன்று, அதுவும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் சாதகம்.

ஏன் என்று சொல்கிறேன். எம்87 வான நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. சென்னை 13 டிகிரி, திருவண்ணாமலையும் புதுச்சேரியும் 12-ஐ ஒட்டி, மதுரை கிட்டத்தட்ட 10. அதாவது இந்த கேலக்ஸி நம் உச்சந்தலைக்கு நேர் மேலே கடந்து போகிறது. லண்டனில் இருப்பவர் இதை வானத்தின் பாதி உயரத்தில் வைத்துதான் எடுக்க வேண்டும். நமக்குக் காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாகவே ஒளி வருகிறது, அடிவானத்து விளக்கு வெளிச்சமும் தூசியும் கீழேயே தங்கிவிடுகின்றன. நகரத்து வானத்தில் இருட்டான பகுதி எது என்று பார்த்தால், அதுவும் உச்சிதான்.

1781 மார்ச்சில் சார்ல்ஸ் மெஸியே பட்டியலிட்ட இந்த கேலக்ஸி சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில், கன்னி கேலக்ஸிக் கொத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1918-ல் லிக் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹீபர் கர்டிஸ், இதன் மையத்திலிருந்து ஒரு நேரான ஒளிக்கதிர் (ஜெட்) கிளம்புவதைக் கவனித்துப் பதிவு செய்தார். அந்த ஜெட்டைக் கிளப்புவது மையத்திலுள்ள, 650 கோடி சூரியன்கள் நிறை கொண்ட கருந்துளை. 2019 ஏப்ரல் 10 அன்று ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழு வெளியிட்ட, உலகமே பார்த்த அந்த ஆரஞ்சு வளையம் இதே கருந்துளையின் படம்தான். சுமார் 5,000 ஒளியாண்டு நீளமுள்ள அந்த ஜெட்டை 8 அங்குலத் தொலைநோக்கியால் உங்கள் மாடியிலிருந்து பதிவு செய்ய முடியும்.

ஆகவே இங்கே இரண்டு படங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்து போகிற பொன்மஞ்சள் ஒளிவட்டம். இன்னொன்று, மையத்தை ஒட்டி 20 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) நீளத்துக்கு நீளும் மெல்லிய ஜெட். முதலாவதற்குப் பின்னணி சுத்தமாக, சமமாக இருக்க வேண்டும். இரண்டாவதற்குக் கூர்மை வேண்டும். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் மீதி முடிவுகள் எல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

எப்போது எடுப்பது

மார்ச் கடைசியில் எம்87 கிட்டத்தட்ட நள்ளிரவில் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக வரும், மே தொடக்கத்தில் இரவு 10 மணிக்கே உச்சியில் இருக்கும். பங்குனி, சித்திரை இரண்டும்தான் இதற்கான மாதங்கள். ஆனால் பௌர்ணமி விஷயத்தில் கவனம் தேவை. பங்குனி உத்திரத்தன்று முழுநிலா உத்திர நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும், சித்ரா பௌர்ணமியன்று சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். எம்87 இருப்பது ஏறத்தாழ அதே வட்டாரம். இந்த இரண்டு பௌர்ணமிகளையும் ஒட்டிய ஒரு வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மாசி, பங்குனி, சித்திரை அமாவாசைகளைச் சுற்றிய இரவுகளுக்கு நாள்காட்டியில் இப்போதே குறி போட்டு வையுங்கள். மாசியில் எடுப்பதென்றால் பின்னிரவு வரை விழித்திருக்க வேண்டும், ஆனால் கோடைப் புழுக்கமும் மங்கலும் இன்னும் தொடங்கியிருக்காது, எனக்கு மாசி அமாவாசைதான் பிடிக்கும்.

என்ன கருவி போதும்

8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் (குழிக்கண்ணாடி வைத்த தொலைநோக்கி), அதாவது 1000 மி.மீ. குவியத் தொலைவு கொண்டது, இந்த வேலைக்குக் கச்சிதம். 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி) இருந்தாலும் ஒளிவட்டத்தை நன்றாகவே எடுக்கலாம், ஜெட் மட்டும் சின்னதாக வரும். எவ்வளவு சின்னது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206 ஆல் பெருக்கி, குவியத் தொலைவால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் என்று வரும். 3.76 மைக்ரான் பிக்சலும் 1000 மி.மீ.யும் என்றால் 0.77. ஜெட் சுமார் 26 பிக்சல் நீளம் வரும். அதே கேமராவை 480 மி.மீ. ரிஃப்ராக்டரில் மாட்டினால் 12 பிக்சல்தான், சிரமம், ஆனாலும் முயன்று பார்க்கலாம்.

கேமரா டிஎஸ்எல்ஆராகவும் இருக்கலாம், குளிரூட்டப்பட்ட வானியல் கேமராவாகவும் இருக்கலாம். சென்சார் பரப்பை மட்டும் கவனியுங்கள். எம்87-இன் ஒளிவட்டம் பட்டியலில் போட்டிருக்கும் 8 ஆர்க்நிமிடத்தோடு (டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்நிமிடம்) நிற்பதில்லை, நீண்ட நேரம் ஒளி சேர்த்தால் அதைத் தாண்டிப் பரந்துகொண்டே போகும். சின்ன சதுர சென்சாரில் படச் சட்டத்தின் பெரும்பகுதியையே அது நிரப்பிவிடும், உண்மையான வெற்றுப் பின்னணி எது என்று மென்பொருளுக்குக் காட்டவே இடமிருக்காது. ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 1000 மி.மீ.க்குச் சுமார் 1.3 டிகிரி அகலம் கிடைக்கும், அது வசதி. நியூட்டோனியனுக்கு, ஓரத்து நட்சத்திரங்கள் இழுபடாமல் இருக்க, ஒரு கோமா கரெக்டர் லென்ஸ் அவசியம்.

ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. நெபுலாக்களுக்காக வாங்கிய டூயல் பேண்ட் ஃபில்டரை இங்கே மாட்டவே வேண்டாம். நீள்வட்ட கேலக்ஸியின் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் வயதான நட்சத்திரங்களின் ஒளி, அது எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடக்கிறது. குறுகிய பட்டையை மட்டும் விடுகிற ஃபில்டர் உங்களுக்கு வேண்டிய ஒளியைத்தான் வெட்டும். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் மட்டும் தடுக்கிற வெறும் யூவி-ஐஆர் கட் ஃபில்டர் போதும். நகரத்தில் இதை ஈடுகட்ட ஒரே வழி கூடுதல் நேரம்தான்.

மவுன்ட்டும் துருவ நேர்ப்படுத்தலும்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நம் ஊரில் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்புகிற மவுன்ட்டின் அச்சை வான துருவத்தை நோக்கி வைப்பதுதான் துருவ நேர்ப்படுத்தல். நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 8 முதல் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னை மரமோ மறைத்துவிடும், மறைக்காவிட்டாலும் தூசுப் படலத்தில் மங்கிப் போயிருக்கும். ஆகவே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர்ப்படுத்தும் போலார் ஸ்கோப்பை நம்பி உட்காராதீர்கள். நினா என்கிற படமெடுப்பு மென்பொருளில் மூன்று புள்ளி முறையில் துருவ நேர்ப்படுத்தும் துணைச்செருகி இருக்கிறது, வானத்தின் எந்தப் பகுதியை வைத்தும் அது வேலை செய்யும், துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டியதில்லை. மவுன்ட்டைத் திசைகாட்டி வைத்து உத்தேசமாக வடக்கே திருப்பி, உயரத்தை உங்கள் ஊர் அட்சரேகைக்கு வைத்துவிட்டு அதை ஓடவிட்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மவுன்ட் வாங்கும்போதே அது எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேளுங்கள். சில மவுன்ட்கள் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இறங்குகிற மவுன்ட்டிலும் எதிர் எடைத் தண்டு கிட்டத்தட்ட செங்குத்தாகத் தொங்குவதால் முக்காலியின் வடக்குக் கால் மீது இடிக்க வாய்ப்புண்டு. ஒரு நீட்டிப்புக் குழாயை இடையில் போட்டு மவுன்ட்டை உயர்த்தினால் இந்தப் பிரச்சினையும் தீரும், உச்சியைப் பார்க்கும்போது குழாயின் பின்முனை முக்காலியில் முட்டுகிற பிரச்சினையும் தீரும். பகலிலேயே தொலைநோக்கியை உச்சிக்குத் திருப்பி, கேபிள்களோடு சேர்த்து, எங்கே முட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இலக்கு உச்சியைக் கடக்கும்போது மெரிடியன் ஃபிளிப் வரும், அதாவது மவுன்ட் தொலைநோக்கியை மறுபக்கத்துக்குப் புரட்டும். கடப்பதற்கு முன்னால் இரண்டரை மணி நேரம், பின்னால் இரண்டரை மணி நேரம் என்று இரண்டு பாதியாகத் திட்டமிடுங்கள். சென்னை, புதுச்சேரி, நாகை மாதிரி கிழக்குக் கடற்கரை ஊர்களில் கிழக்கே கடல்தான், அந்தப் பக்கம் வானமும் இருட்டு, எனவே முதல் பாதியைத் தவற விடாதீர்கள். மேல்கீழ், இடவலம் என்று மட்டும் திரும்புகிற ஆல்ட்-அஸிமத் மவுன்ட் வைத்திருப்பவர்கள் (ஸ்மார்ட் தொலைநோக்கிகள் பலவும் இந்த வகைதான்) உச்சியை ஒட்டிய நேரத்தை விட்டுவிட வேண்டும், அங்கே படச் சுழற்சி மிக வேகமாக இருக்கும், மவுன்ட்டாலும் ஈடுகொடுக்க முடியாது. 70 டிகிரி உயரத்தைத் தாண்டும் முன் நிறுத்தி, மறுபுறம் இறங்கிய பிறகு தொடருங்கள்.

முக்காலியை மாடித் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணுக்கோ உத்தரத்துக்கோ மேலாக வையுங்கள், யாராவது நடந்தால் அதிர்வு குறையும். சித்திரை வெயிலில் காய்ந்த தளம் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டுக் காற்று படத்தை அலைய வைக்கும். சாயங்காலமே தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தொலைநோக்கியையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் காற்றோடு சமமாக விடுங்கள்.

கண்டுபிடிப்பதும் குவியப்படுத்துவதும்

சிம்ம ராசியின் வால் நட்சத்திரமான உத்திரத்திலிருந்து கன்னியின் விண்டெமியாட்ரிக்ஸ் நட்சத்திரம் வரை மனதில் ஒரு கோடு இழுங்கள். எம்87 கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே, விண்டெமியாட்ரிக்ஸிலிருந்து 8 டிகிரி தள்ளி இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் கேலக்ஸிகள் மொய்த்துக் கிடக்கின்றன, எது எது என்று குழம்பாமல் இருக்க பிளேட் சால்விங் பயன்படுத்துங்கள், படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து இடத்தைக் கணினியே கண்டுபிடிக்கும் முறை அது. அதற்கான ஆஸ்டாப் மென்பொருள் இலவசம், நினாவோடு சேர்ந்து ஓடும். சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்களா என்பதற்கு ஒரு அடையாளம்: எம்87-க்கு மேற்கே, சற்றுத் தெற்காக, 9 ஆர்க்நிமிடத்துக்குள் என்ஜிசி 4478 என்கிற சின்ன கேலக்ஸி இருக்கும், அதைத் தாண்டி இன்னும் மேற்கே என்ஜிசி 4476.

குவியத்தை உத்திரத்திலோ சுவாதியிலோ பாட்டினோவ் முகமூடி (தொலைநோக்கியின் வாயில் மாட்டும் கோடு வெட்டிய தட்டு) வைத்துச் சரிசெய்யுங்கள். ஜெட் வேண்டுமென்றால் இந்த இடத்தில் சோம்பல் கூடாது. வெப்பம் இரண்டு டிகிரி இறங்கினாலே திரும்பப் பாருங்கள், மெரிடியன் ஃபிளிப் முடிந்ததும் கட்டாயம் பாருங்கள். நியூட்டோனியன் என்றால் அன்றைக்கே காலிமேஷன் (கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது) செய்திருக்க வேண்டும்.

எக்ஸ்போஷர்

மையம் எரிந்துவிடும், அதனால்தான் ஜெட் தெரிவதில்லை, ஆகவே மிகக் குறுகிய எக்ஸ்போஷர் வேண்டும் என்று பலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். குறுகிய எக்ஸ்போஷர் நல்லதுதான், காரணம் வேறு. எம்87-இன் மையம் ஒரு நட்சத்திரம் மாதிரி கூராக ஒளிர்வதில்லை, 8 அங்குலத்தில் ஒரு நிமிடம் எடுத்தாலும் மூலப்படத்தில் அது உச்ச மதிப்பை எட்டாது. கர்சரை மையத்தில் வைத்து பிக்சல் மதிப்பைப் படித்துப் பாருங்கள், தெரியும். ஜெட் மூலத் தரவில் பத்திரமாக இருக்கிறது, பிறகு நாம் படத்தைப் பிரகாசமாக்கும்போதுதான் அது வெண்மையில் மூழ்கிப் போகிறது.

அப்புறம் எதற்குக் குறுகிய எக்ஸ்போஷர்? காற்று கலங்கிய நொடிகளையும் மவுன்ட் தடுமாறிய நொடிகளையும் தூக்கிப் போட வசதியாக. நகரத்து வானம் தானே மிகப் பிரகாசம் என்பதால், இன்றைய சிமாஸ் கேமராவில் 15 முதல் 30 நொடியிலேயே வானத்தின் இரைச்சல் கேமராவின் படிப்பு இரைச்சலை (சென்சாரைப் படிக்கும்போது சேர்வது) மூழ்கடித்துவிடும், அதற்கு மேல் நீட்டுவதால் லாபம் இல்லை. டிஎஸ்எல்ஆர் என்றால் ஐஎஸ்ஓ 800, 30 முதல் 60 நொடி. ஜவ்வாது மலை, கொல்லிமலை மாதிரி இருட்டான இடத்துக்குப் போனால் ஒன்றிரண்டு நிமிடம் வைக்கலாம். (நாட்டின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றான 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலைக் காவலூரில்தான் இருக்கிறது, அங்கிருந்தும் எம்87 உச்சிக்கு மிக அருகில்தான் கடக்கிறது.)

மொத்த நேரம்: நகரத்திலிருந்து ஜெட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரமே போதும். ஒளிவட்டத்துக்கு 4 மணி நேரத்துக்குக் குறைந்தால் திருப்தி இருக்காது. இரைச்சல் நேரத்தின் வர்க்கமூலப்படிதான் குறையும், இரண்டு மடங்கு சுத்தம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம். பல இரவுகளின் தரவைச் சேர்க்கலாம், கேமராவின் கோணத்தை மட்டும் மாற்றாதீர்கள். 30 நொடி வீதம் மூன்று மணி நேரம் என்றால் 360 கோப்புகள், வன்தட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சில படங்களுக்கு ஒருமுறை டிதர் செய்யச் சொல்லுங்கள், அதாவது சட்டத்தை ஒரு சில பிக்சல்கள் தற்செயலாக நகர்த்துவது. நம் வெப்பத்தில் சென்சாரின் சூடான பிக்சல்கள் அதிகம், டிதர் இல்லாவிட்டால் பின்னணி முழுக்கக் கோடு கோடாக வரும்.

இரவு 28 டிகிரி இருக்கும் ஊரில் குளிரூட்டும் கேமராவை மைனஸ் 10-க்கு இழுத்தால் அது மூச்சுமுட்ட ஓடும், 0 அல்லது மைனஸ் 5 நிதானமாக நிற்கும், அதுவே போதும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம், கண்ணாடி வேர்க்காமல் இருக்க டியூ ஹீட்டர் பட்டை கட்டுங்கள்.

ஃபிளாட் எடுக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்

ஃபிளாட் என்பது சமமான வெளிச்சத்தை எடுத்த படம், மூலை இருளையும் தூசி நிழலையும் அதை வைத்துத்தான் நீக்குகிறோம். சுருள் கேலக்ஸியில் ஃபிளாட் சரியில்லை என்றாலும் கண் கைகளைப் பார்த்து ஏமாந்துவிடும். நீள்வட்டத்தில் பார்ப்பதற்கு அந்த மெல்லிய ஒளி இறக்கம் மட்டும்தான் உண்டு. மூலைகள் இருளுவதும் தூசியின் வட்ட நிழல்களும் அதே மாதிரி மெல்லிய இறக்கங்கள்தான், எது கேலக்ஸி, எது லென்ஸின் குறை என்று பிறகு பிரிக்கவே முடியாது. அந்தி வேளையில், கேமராவைக் கழற்றாமல், குவியத்தை மாற்றாமல், தொலைநோக்கியின் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, உச்சி வானத்தைப் பார்த்து 30 படங்கள் எடுங்கள், ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்கிற மாதிரி. ஒவ்வொரு இரவுக்கும் தனி ஃபிளாட். அதே நொடிக்கணக்கில், அதே வெப்பத்தில், மூடி போட்டு டார்க் படங்களும் 30 எடுங்கள். குளிரூட்டாத டிஎஸ்எல்ஆரில் வெப்பம் சுமார் 6 டிகிரி ஏறினாலே இருட்டு மின்னோட்டம் இரட்டிப்பாகும் என்பதால், டார்க்கை மறுநாள் பகலில் எடுத்தால் பயன்படாது, அந்த இரவே எடுத்துவிடுங்கள்.

கணினியில்

சிரில் மென்பொருள் இலவசம், இந்த வேலை முழுவதையும் அதிலேயே முடிக்கலாம். ஒரே தரவிலிருந்து இரண்டு ஸ்டாக் (பல படங்களை அடுக்கி ஒன்றாகச் சேர்ப்பது) செய்யுங்கள்: மோசமானவற்றை மட்டும் நீக்கிய எல்லாப் படங்களும் சேர்ந்த ஒன்று, நட்சத்திர அகலத்தை வைத்து வரிசைப்படுத்தி மிகக் கூர்மையான மூன்றில் ஒரு பங்கை மட்டும் சேர்த்த இன்னொன்று.

முதல் ஸ்டாக் ஒளிவட்டத்துக்கு. ஓரங்களை வெட்டிவிட்டுப் பின்னணிச் சாய்வை நீக்க வேண்டும், இங்கேதான் பெரும்பாலான எம்87 படங்கள் வீணாகின்றன. தானியங்கி முறையில் விட்டால் மென்பொருளுக்கு ஒளிவட்டமும் நகர வெளிச்சமும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். மாதிரிப் புள்ளிகளை நீங்களே, சட்டத்தின் வெளி ஓரங்களில் மட்டும், கேலக்ஸியிலிருந்து தள்ளி வையுங்கள். சமன்பாட்டின் படியை 1-இலேயே வையுங்கள். கிராக்ஸ்பெர்ட் என்கிற பின்னணி நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால் அது கழித்த பின்னணியைத் தனிப் படமாகச் சேமித்துத் திறந்து பாருங்கள்: நடுவில் மேடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் உங்கள் கேலக்ஸியின் ஒரு பகுதி அங்கே போய்விட்டது, திரும்பச் செய்யுங்கள். பிறகு நட்சத்திர ஒளி அளவுகளை வைத்து நிறத்தைச் சரிசெய்யும் கருவியை ஓட்டினால் கேலக்ஸி இளம் பொன்மஞ்சளாக வரும். வயதான நட்சத்திரங்களின் நிறம் அது, அழகுக்காக அதை நீலமாக்காதீர்கள். ஸ்ட்ரெட்ச் செய்யும்போது (படத்தைப் பிரகாசமாக்கும்போது) மையத்தை மெதுவாக, விளிம்பை வேகமாகத் தூக்க ஹைபர்பாலிக் முறை நன்றாக இருக்கும்.

இரண்டாவது ஸ்டாக் ஜெட்டுக்கு. இன்னும் ஸ்ட்ரெட்ச் செய்யாத நிலையில் மூன்று நிறங்களையும் பிரித்து நீலத்தை மட்டும் எடுங்கள். கேலக்ஸி மஞ்சள், ஜெட்டோ காந்தப் புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களின் ஒளி என்பதால் நீலச் சாயல். ஆகவே நீலத்தில் கேலக்ஸி மங்கி ஜெட் எடுப்பாக நிற்கும். மையத்தைச் சுற்றி மூன்று ஆர்க்நிமிடம் அளவுக்கு வெட்டி ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் 25 பிக்சல் அளவு மீடியன் ஃபில்டர் போடுங்கள். ஜெட் மெல்லியது என்பதால் நகலில் காணாமல் போகும், வழவழப்பான கேலக்ஸி மட்டும் மிஞ்சும். பிக்சல் கணக்கில் அசலிலிருந்து நகலைக் கழித்து 0.1 கூட்டினால், மையப் புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் முடிச்சு முடிச்சான சிறு கோடும் வெளியே வந்துவிடும். எம்87 ஏறத்தாழ முழு வட்டம் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. சிரிலில் ரொட்டேஷனல் கிரேடியன்ட் என்று ஒரு கருவி இருக்கிறது, மையத்தைக் குறித்துக் கொடுத்தால் படத்தைச் சற்றே சுழற்றித் தன்னிடமிருந்தே கழிக்கும், வட்டமாக இருப்பதெல்லாம் மறைந்து, வட்டமாக இல்லாதது மட்டும் நிற்கும். சுழற்சிக் கோணத்தை 10, 15 டிகிரி என்று மாற்றிப் பாருங்கள்.

வந்தது ஜெட்தானா என்று சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம். படத்தை பிளேட் சால்வ் செய்து வடக்கை மேலே, கிழக்கை இடப்பக்கம் வையுங்கள். உண்மையான ஜெட் மையத்திலிருந்து வலப்பக்கமாக, கிடைக்கோட்டுக்குச் சுமார் 20 டிகிரி மேலே சாய்ந்து போகும், மிகப் பிரகாசமான முடிச்சு மையத்திலிருந்து 12 ஆர்க்செகண்டில் இருக்கும். மெரிடியன் ஃபிளிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைத் தனித்தனியாக ஸ்டாக் செய்து பாருங்கள், இரண்டிலும் அதே திசையில் வந்தால் சந்தேகமே வேண்டாம்; ஒன்றில் மட்டும் வந்தாலோ, எதிர்ப்பக்கமும் அதே மாதிரி கோடு தெரிந்தாலோ அது கைடிங் பிழை (மவுன்ட் இலக்கைப் பின்தொடர்வதில் வரும் பிழை) அல்லது கழித்தலில் வந்த பொய்க் கோடு.

கடைசியாக, ஜெட் படத்தை ஒளிவட்டப் படத்தின் மையத்தில் ஒரு சின்ன வட்ட முகமூடி வழியாக, லேசான பலத்தில் கலந்துவிடுங்கள், அல்லது மூலையில் பெருக்கிய சிறு படமாக ஒட்டுங்கள். எனக்கு இரண்டாவது முறைதான் நேர்மையாகப் படுகிறது, ஏனென்றால் பார்ப்பவருக்கு எது எவ்வளவு பதப்படுத்தப்பட்டது என்பது தெளிவாகத் தெரியும். இதே அமைப்பை மாற்றாமல் வடமேற்கே ஒன்றேகால் டிகிரி நகர்த்தினால் எம்86-உம் எம்84-உம் ஒரே சட்டத்தில் வந்துவிடும், மார்க்கேரியன் சங்கிலி என்கிற கேலக்ஸி வரிசையின் தொடக்கம் அங்கேதான், அடுத்த அமாவாசைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.